இடது கம்பத்து ஆள்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் சாக்கர் ஆடினேன். தொண்ணூறு நிமிடம். அந்த வருடக் கோடை முழுவதும் என்னைத் தின்றது அந்தத் தொண்ணூறு நிமிடம்தான்.

வேறு யாராவது ஆடியிருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. பக்கத்து மாவட்டம் லீட்ரிம். அந்தக் கவுண்டியின் அணிக்கு, ஐரிஷ்காரர்களின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில், நான் கோல்கீப்பர். கேலிக் ஆடுகிறவன் சாக்கர்போன்ற ஆங்கிலேயரின் ஆட்டத்தை ஆடக்கூடாது, ஓரமாக நின்று பார்க்கவும் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. 'தடை' என்ற ஒரே சொல்லில் அதைச் சொல்வோம். மீறியவனை மாதக்கணக்கில் விலக்கிவைப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவன் ஆடி ஜெயித்த கேலிக் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். சாக்கர் மைதானங்களில் சாதாரணப் பார்வையாளரைப் போல நின்று, தெரிந்த முகங்களைக் குறித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் யாரென்பது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் அவர்களாக இருக்கலாம்.

அன்று நான் போனது அக்கா ஊனாவின் குழந்தையைப் பார்க்கத்தான். அவள் கணவர் டெஸ்ஸி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். துறைமுகத்து ஆட்களின் சாக்கர் அணியை நடத்துகிறவரும் அவர்தான். காலையில் அவருடைய கோல்கீப்பர் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

"ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சும்மா நில்லு மாப்ள, போதும்" என்றார் டெஸ்ஸி. "உங்க ஊர்ல மாடு நிக்குற மாதிரி. உன் பேரு இன்னைக்கு மர்ஃபி."

நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒரு பெனால்ட்டியைப் பாய்ந்து தடுத்தேன். சேற்றிலிருந்து எழுந்தபோது கோலுக்குப் பின்னால், சுவரோரம் ஒருவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். பழுப்புத் தொப்பி, மழைக்கோட்டு. வலது காதின் மேல்பாதி கசங்கிய காகிதம்போல மடிந்திருந்தது. கையில் சின்ன நோட்டு. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து எதையோ எழுதினார்.

கானாட் மாகாணச் சாம்பியன் பட்டம் லீட்ரிமுக்குக் கிடைத்து முப்பது வருடமாகியிருந்தது. பாதி ஊர் பாஸ்டனிலும் லண்டனிலும் இருந்தது. மீதிப்பேர் சேர்ந்துதான் பதினைந்து பேர் கொண்ட அணியைத் தேற்ற வேண்டும். மற்ற கவுண்டிக்காரர்கள் எங்களைக் கேலி செய்வதுகூட இல்லை, பாவம் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவோம். அந்த வருடமும் அப்படித் தோற்றுவிட்டால் என் ரகசியமும் புல்லுக்கடியில் போய்விடும் என்று நினைத்தேன். சொல்லவே கூசுகிறது, அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

முதல் சுற்றில் ஸ்லைகோ கவுண்டியை இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

அணித்தலைவன் கஹல் மக்டியர்னன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாளன் அவன். ஆட்டம் முழுவதும் எனக்குத் தெரிவது அவன் முதுகுதான். பத்திரிகைப் படத்துக்கு எல்லோரும் வரிசையாக நின்றபோது நான் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். படம் வெளியானதும் கஹல் அதை ஊர் முழுக்கக் காட்டினான். நம் கோல்கீப்பர் ஒரு தொப்பி, கீழே இரண்டு கால் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான்.

தோற்ற கவுண்டி புகார் கொடுக்கச் சில நாள்தான் அவகாசம். புகாரை ஐரிஷ் மொழியில் கையெழுத்திட்டு, இந்த நாட்டிலேயே செய்த தாளில் எழுதியிருக்க வேண்டும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்துத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பிரிக்காமலே தள்ளிவிடலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் நான் எங்கள் ஊர் ட்ரம்ஷான்போவில் தபால்காரன். புகாரின் நகல் வந்துசேர வேண்டிய எங்கள் கவுண்டிச் செயலாளர், பள்ளி ஆசிரியர் மாஸ்டர் போஹன், என் பாதையில் கடைசி வீடு.

தினமும் காலையில் பையைக் கவிழ்த்ததும் நான் முதலில் தேடியது ஸ்லைகோ முத்திரையைத்தான். ஐந்தாவது நாள் அது வந்தது. நீளமான கெட்டி உறை. ஏரியோரப் பாதையில் சைக்கிளை நிறுத்தி அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே மடித்த தாளில் ஏதோ நிழல். நீரெழுத்தாகவும் இருக்கலாம், என் விரலாகவும் இருக்கலாம். தண்ணீர் ஐந்தடி தூரத்தில் இருந்தது. அந்த ஐந்தடியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, எதுவும் கிடைக்காமல் பறந்து போனது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் வாசலிலேயே கிழித்துப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"மேடு மாஸ்டர். சைக்கிள மிதிச்சு வந்தேன்."

"மேட்டுக்கே இப்படின்னா மேயோ கவுண்டிக்காரன் வந்து இடிச்சா என்ன பண்ணுவ?" என்று கடிதத்தை மடித்தார். ஸ்லைகோக்காரர்கள் எங்கள் உடை மாற்றும் அறையில் இரண்டு ஜெர்சிகளை மறந்துவிட்டுப் போயிருந்தார்களாம். திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம். எனக்கு நிம்மதி வரவில்லை. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

அரையிறுதியில் ராஸ்காமனையும் ஜெயித்தோம். ஒவ்வொரு வெற்றியும் என்னை இன்னும் உயரமான கிளைக்கு ஏற்றிவிட்டது. கீழே அந்த நோட்டுக்காரர் ரம்பத்தோடு காத்திருந்தார். கனவில் அவருக்கு முகமே இல்லை, காது மட்டும்தான். கடைகளில் பச்சையும் பொன்னுமாகக் கொடி விற்றது. பாஸ்டனிலிருந்து ஒருவர் வீட்டை அடகு வைத்துக் கப்பலேறியதாகச் சொன்னார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் அணிக்காக ஜெபித்தபோது கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. கஹலிடம் சொல்லிவிடலாமென்று இரண்டு முறை அவன் பண்ணைவரை போனேன். இரண்டு முறையும் அவன் வருங்காலக் கோப்பையைத் தன் வீட்டில் எந்த அலமாரியில் வைப்பதென்று காட்டினான். பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இறுதி ஆட்டம் ஜூலையில், டியூம் நகரில், மேயோவோடு. நடுவர் ஸ்லைகோக்காரர். வழக்கம்போலத் தன் கிளப்பிலிருந்தே நான்கு பேரைக் கம்ப நடுவர்களாக அழைத்து வந்திருந்தார். கோலுக்கு இரண்டு பேர், கம்பத்துக்கு ஒருவர். இரண்டு கம்பத்துக்கும் நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போனால் வெள்ளைக் கொடி, ஒரு புள்ளி; கீழே போனால் பச்சைக் கொடி, கோல். நான்கு பேரும் கசாப்புக்காரர்கள்போல நீண்ட வெள்ளைக் கோட்டில் இருந்தார்கள். தூரத்தில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள்.

முதல் பாதியில் என் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடினேன். இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, எதிர்க் கோலை நோக்கி நடந்தேன். இடது கம்பத்தின் அருகே நின்றவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

மடிந்த காது.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். தொப்பியை மெதுவாகத் திரும்ப வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆட்டம் எனக்குக் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல இருந்தது. அவர் என்னிடமிருந்து மூன்றடியில் நின்றார். அவர் மூச்சு கேட்டது. பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்தபோதும் அவர் பார்வை என் கன்னத்தில் ஊர்ந்தது. ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஜெயித்த பிறகு கோப்பையைப் பிடுங்குவதுதான் அவர் திட்டம். கஹல் திரும்பி, "தூங்குறியாடா யூஜின்?" என்று கத்தினான். மேயோ ஒவ்வொன்றாக எடுத்துச் சமன் செய்தது.

கடைசி நிமிடம். மேயோக்காரன் ஒருவன் வலப்பக்கத்திலிருந்து உதைத்தான். பந்து உயரமாக வந்து, காற்றில் வளைந்து, இடது கம்பத்தைத் தாண்டி வெளிப்பக்கமாகப் போனது. ஒரு கை அகலம் வெளியே. அதை நான் நேராகப் பார்த்தேன். கஹல் யாருடனோ மோதி விழுந்து, பந்தைப் பார்க்க முடியாதபடி தரையில் கிடந்தான்.

நடுவர் கம்பத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்த மனிதர் திடுக்கிட்டதுபோல் நிமிர்ந்தார். மறுகம்பத்துக்காரர், பந்து உன் பக்கம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். இடது கம்பத்து ஆள் குனிந்து கொடியை எடுத்தார். வெள்ளைக் கொடி.

நடுவர் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் எந்தக் கோல்கீப்பரும் கத்துவான், கொடியைப் பிடுங்குவான், அம்மாமேல் சத்தியம் செய்வான். நான் அப்படி ஏதாவது செய்வேன் என்று அவரே ஒரு கணம் காத்திருந்தார். அந்த மடிந்த காதைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அவரும் திறப்பார்.

நான் பந்தை எடுக்கப் போனேன்.

ஒரு புள்ளியில் தோற்றோம். மேயோ ஜனங்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். நான் கம்பத்தில் சாய்ந்து நின்றபோது அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"தம்பி, அந்தப் பந்து..." என்றார் தாழ்ந்த குரலில். "வெளிய போச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் பாக்கல. உன்னையேதான் பாத்துட்டு நின்னேன். கூட்டம் கத்துச்சு, கொடிய எடுத்துத் தூக்கிட்டேன்." உதட்டை நக்கிக்கொண்டார். "அன்னைக்கு மைதானத்துல நீ என்னப் பாத்த இல்ல? எனக்குச் சாக்கர்னா உசிரு. ஞாயித்துக்கிழமை தவறாமப் போய் ஸ்கோர் எழுதி வெச்சுக்குவேன். எங்க கேலிக் கிளப்புக்குத் தெரிஞ்சா இருபது வருஷத்து வேலை போச்சு. நீ எப்பச் சொல்லிடுவியோன்னு..." என்று நிறுத்தினார். பிறகு, "சொல்லமாட்ட இல்ல?" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கையும் என் கையைப்போலவே ஈரமாக இருந்தது.

பஸ்ஸில் யாரும் பாடவில்லை. கவுண்டி எல்லையில், நாற்சந்தியில், வெற்றிக்கென்று கரியும் பழைய டயர்களும் குவித்து வைத்திருந்தார்கள். தோற்றிருந்தும் எங்களைக் கண்டதும் கொளுத்தினார்கள். ஜன்னலெல்லாம் சிவந்தது. கஹல் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தான். நெற்றியில் காய்ந்த ரத்தம். நெருப்பைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீதான் பக்கத்துல நின்ன. உள்ளதான போச்சு?"

வெளியே குழந்தைகள் நெருப்பைச் சுற்றி எங்கள் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது.

"உள்ளதான்" என்றேன்.

அவன் தலையசைத்தான். பெரிதாக மூச்சு விட்டான். அப்படியானால் சரி என்றான். தொப்பியை என் கையிலிருந்து எடுத்து, படத்தில் இருந்ததுபோலவே, என் மூக்குவரை இழுத்துவிட்டான்.