பூர்ச்ச மரத்தடியில் வாங்கிய ஏழடி

இப்போய் ஆறு பெருகிப் பாதியே வடிந்து, தன் கரை எதுவென்று தானே அறியாததுபோல் வயலெங்கும் பரந்து கிடந்த ஓர் இலையுதிர்காலக் காலை. வடக்கே தெலெக்கூர் மேட்டின் மரங்கள் இடுப்பளவு பனிமூட்டத்தில் அமிழ்ந்து, வேரின்றி வானில் தொங்குவனபோல் தோன்றின. தெற்கே கோவாத்தூர்க் கோயிலின் மணியோசை, யாரோ ஈரத்துணியால் பொத்திப் பொத்தி விடுவதுபோல் விட்டுவிட்டு வந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே கிடந்த பெரும்புல்வெளியில் அன்று நூறு பேர் கூடியிருந்தும், ஒருவர் பேச்சு அடுத்தவரை அடையுமுன் பாதியைப் பனி உண்டுவிட்டது.

அப்புல்வெளி எவ்வூருக்கு உரியது என்பதே வழக்கு. துருக்கரோடு நடந்த போர்களில் ஆவணங்கள் எரிந்தன. எல்லையை அறிந்த தெலெக்கூர் முதியோர் அனைவரும் கொள்ளைநோயில் மாண்டனர். எல்லை மேடுகளையோ வெள்ளம் கரைத்துச் சென்றது. எஞ்சியிருந்த ஒரே சான்று, கோவாத்தூர் அம்புரூசு என்னும் எழுபது அகவை முதியவரின் நினைவு. புல்வெளியின் வடகோடியில், இரண்டு வெண்பட்டைப் பூர்ச்ச மரங்களின் அடியில்தான் எல்லை மேடு இருந்தது, ஆகவே புல்வெளி முழுதும் கோவாத்தூருடையது என்பது அவர் சொல். அம்மரங்களையும் அவை நின்ற கரையையும் ஆறு என்றோ அரித்துப்போய்விட்டது.

அவர் அதை மறக்க இயலாமைக்குக் காரணம் உண்டு. அங்கேரி நாட்டில் எல்லைக்கு மேடெழுப்பும்போது முதலில் ஒரு கூடை அடுப்புக்கரியை அடியில் புதைப்பர். மரம் மக்கும், கல் களவுபோகும், கரியோ நூறாண்டு கழித்துத் தோண்டினும் கரியாகவே இருக்கும். பின்னர் இரண்டு ஊர்ச் சிறுவரையும் அம்மேட்டின்மேல் குப்புறக் கிடத்திப் பிரம்பால் அடித்து, அழுகை ஓயுமுன் ஆளுக்கொரு தேனப்பம் கொடுப்பர். தாள் எரிந்தாலும் தழும்பு எரியாது என்பது அவர்தம் கணக்கு. அம்புரூசு பத்து அகவையில், தம் தந்தையும் அந்நாளைய ஊர்த்தலைவருமான மத்தியாசின் கையால் ஏழடி வாங்கியவர்.

ஆணையிடும் முறையும் அந்நாட்டில் எளிதன்று. வழக்குக்குரிய நிலத்திலேயே குழி வெட்டி, அதனுள் சான்றாளர் வெறுங்காலோடு, இடைக்கச்சை அவிழ்த்து, தலைமேல் ஒரு மண்கட்டியை ஏந்தி நின்று சொல்லவேண்டும். பொய் சொன்னவனை மண் ஏற்காது. இறந்தபின் எரியும் விளக்கோடு எல்லை நெடுக அளந்துகொண்டே திரிவான். அத்தகைய ஒளி இரண்டைச் சென்ற மாதம் இப்புல்வெளியில் பார்த்ததாக இரண்டு ஊராரும் ஒப்புக்கொண்டனர். அவர்கள் ஒன்றாய் ஒப்புக்கொண்டது அது ஒன்றையே.

குழிக்கு இடம் காட்டுவது எதிர்த்தரப்பின் உரிமை. தெலெக்கூர்ப் பாலிந்து, தோளில் மண்வெட்டியோடு நெடுநேரம் சுற்றினான். தென்கோடியில், ஆற்றுத்துறைக்குப் போகும் பாதையருகே, உள்ளங்கை கவிழ்த்தாற்போல் சிறிதே உயர்ந்த ஓரிடத்தில் வந்து நின்றான். மற்ற இடமெல்லாம் வெட்டினால் நீர் ஊறும் என்றான்.

"எதுக்குப்பா இவ்ளோ ஆழம்? கெழவனை அப்படியே பொதைச்சுட்டுப் போற எண்ணமா?" என்று கோவாத்தூர்ப் பக்கமிருந்து ஒருவன் கேட்டான்.

"நீங்க தின்ன புல்லுக்கு அவரு ஒருத்தரையா பொதைக்கிறது? ஊரே எறங்கணும்" என்றான் பாலிந்து, தலை நிமிராமலே.

சிரிப்பு எழுந்து பனியில் அடங்கியது. அம்புரூசு காலுறை கழற்றியபோது அவர் மகள் ஓர்சோயா அவற்றை வாங்கிக்கொண்டாள். கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகளும் இரண்டு பசுக்களும் உடையவள். இப்புல்வெளி போனால் கோவாத்தூரின் நாற்பது வீட்டுக் கால்நடைக்கும் குளிர்காலத்திற்கு உலர்புல் இல்லை. அவர் கச்சையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, குளிரும், விரைந்து சொல்லிவிட்டு ஏறிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவர் இறங்கினார். மார்பளவுக் குழி. மேலே நின்றவர்கள் கால்களாகவும் மூச்சுப்புகையாகவும் மட்டுமே தெரிந்தனர். தலைமேல் வைத்த மண்கட்டியிலிருந்து பொடி உதிர்ந்து, செவி மடலைத் தடவும் விரல்போல் இறங்கியது. வழக்கைத் தீர்க்க வந்திருந்த நடுவர் ஆணைமொழியைச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். குளிர் தாங்காது அம்புரூசு கால் மாற்றி ஊன்றினார். பெருவிரலின் அடியில் ஏதோ நொறுங்கியது.

குனிய இயலாமையால் காலாலேயே மண்ணைத் தள்ளினார். கருமை தெரிந்தது. மேலும் தள்ளினார், விரலளவு விரலளவாய், நேற்று அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் பளபளத்துக் கரி.

இரண்டு மேடுகள் இருந்திருக்கலாமோ என்று முதலில் நினைத்தார். பிறகு, அறுபதாண்டாய்ப் பொன்போல் காத்த அந்த நினைவைத் திறந்து, அதனுள் இன்னொரு சிறுவனின் அழுகையைத் தேடினார். மழை கேட்டது, பிரம்பு கேட்டது, தம் குரல் கேட்டது. தெலெக்கூர்ப் பிள்ளை ஒருவனும் அங்கு அழவில்லை. தேனப்பமும் இல்லை. அங்கிருந்தவர் தந்தை ஒருவரே. அடிக்கும்போது அவரும் அழுதார். இறுதிவரை பிழையறியாது, உண்மையென்றே நம்பி, பொய்யை ஆணையிட்டுச் சொல்லக்கூடிய ஒரு சான்றாளனைத் தந்தை தம் மகனின் முதுகில் அன்று ஆக்கி வைத்திருந்தார். ஐம்பதாண்டுமுன் மடிந்தவரின் கை, மண்வழி வந்து தம் நாவைப் பிடித்திருப்பதை அம்புரூசு குளிர்போல் உணர்ந்தார்.

குழிவிளிம்பில் கோவாத்தூர்த் தலைவர் லூக்காச்சு மண்டியிட்டு, முதியவரின் சட்டையைச் சரிசெய்பவர்போல் குனிந்தார். அவரும் அக்காலடிக் கரியைப் பார்த்துவிட்டிருந்தார்.

"பெரியவரே, உங்க ஞாபகத்துல இருக்குறத மட்டும் சொல்லுங்க" என்றார் மெல்ல. "அது பொய் இல்லியே. கால மட்டும் அசைக்காதீங்க."

அறிவுடையீர், அவர் சொன்னதில் சட்டப்பிழை ஒன்றும் இல்லை. சட்டம் கேட்டது நினைவையே. அம்புரூசு வாயைத் திறந்தால் சொல்வது தாம் கண்டதே, ஊர் பிழைக்கும், மகளின் பசுக்கள் பிழைக்கும், தந்தையின் பெயரும் பிழைக்கும். பனியிலிருந்து ஓர்சோயாவின் இருமல் கேட்டது. அந்தச் சொற்கள் அவர் தொண்டைக்குள் தாமாகவே எழுந்து வரிசையில் நின்றன; அவற்றைச் சொல்ல அவர் முயலவேண்டிய தேவையே இருக்கவில்லை. அதுவே அவரை அச்சுறுத்தியது.

அவர் தலைமேலிருந்த மண்கட்டியை எடுத்து விளிம்பில் வைத்தார்.

"நடுவரய்யா, என் காலடியில தோண்டிப் பாருங்க" என்றார். "மேடு இங்கதான். எங்கப்பா என்னை வேற எடத்துல படுக்கப்போட்டு அடிச்சுட்டாரு."

தோண்டினர். ஒரு கூடைக் கரி முழுதும் இருந்தது. புல்வெளி தெலெக்கூருக்கு என்று நடுவர் எழுதினார். வென்றவர் ஆரவாரிக்கவில்லை. பாலிந்து, தான் வெட்டிய குழியைத் தன் கையாலேயே மூடிவிட்டு, முதியவரின் முகத்தைப் பாராமல் போனான். கோவாத்தூரார் ஒருவர்பின் ஒருவராய்ப் பனிக்குள் கரைந்தனர். ஓர்சோயா மட்டும் நின்றாள். அவர் மயிரிலிருந்த மண்ணைத் தட்டினாள். ஒருமுறை வேண்டியதைவிட வலுவாகவே தட்டினாள்.

"ஒரு பசுவ வித்துருவோம்" என்றாள். "இன்னொண்ண வீட்டுக்குள்ள கட்டிக் காப்பாத்தலாம். நடங்கப்பா."

அக்குளிரில் ஊர் பாதிக் கால்நடையை இழந்தது. பழித்தவர் பலர்; சில திங்கள் சென்றபின், மறைவாய் வந்து கைபற்றிச் சென்றவரும் சிலர். அம்புரூசு மேலும் இரண்டாண்டு வாழ்ந்தார். உண்மையைச் சொன்னபின் நெஞ்சு தெளிந்திருக்குமே என்று பாதிரியார் ஒருநாள் கேட்டதற்கு, காலடியில் கரி இருந்தது தமக்குத் தெரியும் என்றார். ஆனால் கண்ணை மூடினால் அந்த மேடு இன்றும் பூர்ச்ச மரத்தடியில்தான் இருக்கிறது என்றார். மழையும், வெண்பட்டையும், அழுதுகொண்டே ஓங்கும் தந்தையின் கையும் இம்மியும் மாறவில்லை. பொய்யென்று அறிந்தும் அதையன்றி வேறொன்றை நினைவுகூர அவரால் இயலவில்லை. அந்த நினைவோடேயே அவர் மண்ணுள் இறங்கினார், மண்ணும் அவரை மறுக்கவில்லை.