பாஸ் ஒட்டிய கெட்டில்

எங்கள் மேலாளரைப் பாஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் முகம் சுண்டிவிடும். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க பாஸ், பாஸ் என்று சொல்லியே என் வாய் வலிக்கிறது.

மின்சாதனங்களைச் சோதிக்க எலெக்ட்ரீஷியன் வந்தார். கெட்டில், மேஜை விசிறி, எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று ஒன்றையும் விடாமல் தன் கருவியில் சொருகிப் பார்த்தார். தேறியதில் பச்சை ஸ்டிக்கர், அதில் கொட்டை எழுத்தில் 'பாஸ்'. தேறாததில் சிவப்பு ஒட்டப் போனவரை மேலாளர் பாய்ந்து தடுத்தார்.

"சிவப்பெல்லாம் வேண்டாம்ப்பா. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

ஆக, ஆளைக் கொல்லக்கூடிய சாமான்கள் எல்லாம் டீ அறை மூலையில் மொட்டையாகக் கிடந்தன. பச்சை இல்லாததைத் தொடாதீர்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். துப்புரவு அக்காவை மட்டும் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்து டம்ளர் கழுவத்தான் அவர் நினைவு வந்தது.

மறுவாரம் டீ அறைக்குள் போனேன். சோதனையில் தேறாமல் எலெக்ட்ரீஷியன் ஒதுக்கிவைத்த எவர்சில்வர் கெட்டிலை அக்கா பிடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"அக்கா! உங்களுக்கென்ன பைத்தியமா? பக்கத்துலயே பச்சை ஒட்டின நல்ல கெட்டில் இருக்குல்ல?"

"ஐயோ, அது பாஸோடதும்மா. பேரு ஒட்டியிருக்கே!"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இது ஷாக் அடிக்கலையா?"

"சுருக்குனு இழுக்கும். நமக்குக் குடுத்தது இதுதானேன்னு துணியச் சுத்திப் பிடிச்சுக்குவேன்."

அந்தத் துணியும் ஈரம். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

என் சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

பரவாயில்லையே, மனுஷனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஒரு வாரமா ஒண்ணும் ஆகலைன்னா கெட்டில் நல்லாத்தானே இருக்கு? இதுலயும் ஒரு பச்சைய ஒட்டிரலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கெட்டிலைத் தூக்கிப்போய் அவர் மேஜைமேல் வைத்து ஒயரைச் சொருகினேன். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டேன்.

"ஒட்டிரலாம். மொதல்ல நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்க, பாஸ்."

அவர் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.