சிரிப்பு இறங்காத பிள்ளை

யார் முதலில் கை ஓங்கியது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அக்காவா, தங்கையா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தத் தீய்ந்த வாடையை மட்டும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

பிள்ளைக்கு எட்டு வயது. முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருந்ததால் வீட்டில் அவள் பேர் அணில். குட்டி அழகிப் போட்டிக்காக அவளுடைய அம்மா ஆறு மாதமாகக் கூடத்தில் நடக்கவிட்டுப் பழக்கினாள். தலையில் புத்தகம், பின்னால் மரஸ்கேலோடு அம்மா. நடை தப்பினால் கெண்டைக்காலில் ஒன்று, சிரிப்பு இறங்கினால் இரண்டு. அடி விழும்போதும் சிரிப்பு இறங்கக்கூடாது. இறங்கினால் மறுபடி முதலிலிருந்து.

சித்தி, அம்மாவின் தங்கை, அழகு நிலையத்தில் முடி அலங்காரம் செய்பவள். அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள்.

"பிள்ளையா, பொம்மையாக்கா அது?"

"நீ முடியச் சுருட்டுற வேலைய மட்டும் பாரு. ஒண்ணு பெத்து வளர்த்துட்டு வந்து எனக்குப் பாடம் எடு."

அதன்பிறகு ஸ்கேல் சத்தம் கேட்டால் சித்தி மாடிக்கு ஏறிவிடுவாள். அந்த வீட்டில் அணில் மேல் வலியாக விழாத கை தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வாள். அதை வைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

போட்டியன்று மேடைக்குப் பின்னால் ஒரு நீள அறை. வரிசையாகக் கண்ணாடிகள், முதுகில் நம்பர் குத்திய பிள்ளைகள். சித்தி முடி சுருட்டும் கம்பியைச் சூடாக்கினாள். பதினோரு வருஷத் தொழிலில் அவள் கம்பியைப் பார்த்து வேலை செய்ததில்லை. வந்தவரின் முகத்தைத்தான் கண்ணாடியில் பார்ப்பாள். சூடு நெருங்கினால் முகம் சுருங்கும், கை தானாக விலகும்.

காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைச் சுற்றினாள். பத்து எண்ண வேண்டும். கண்ணாடியில் அணில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு எண்ணும்போது வாடை வந்தது. முடிதான் என்று நினைத்தாள். ஒன்பதில், சிரித்த முகத்தில் கண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள். கம்பியை எடுத்தபோது கழுத்துத் தோலும் கூடவே வந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சிரிப்பு இறங்கல இல்ல, சித்தி?"

அம்மா வந்து பார்த்தாள். "முடிய இறக்கி மூடிவிடு. அடுத்தது நம்ம நம்பர்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"சுட்டது நீ. இப்ப பாசம் வேறயா?"

அக்கா பிள்ளையின் ஒரு கையை இழுத்தாள், தங்கை மறு கையை. சீப்பு தங்கையின் நெற்றியைக் கிழித்தது. கம்பி அக்காவின் கன்னத்தில் இறங்கியது. தங்கை தலைமயிரைப் பிடித்து அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் மோதினாள். கண்ணாடி உடைந்த பிறகும் மோதினாள். மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அதில் ஒருத்தி, உதட்டுச் சாயத்தைப் பாதியில் விடாமல் பூசி முடித்தாள்.

வெளியே நம்பரைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் நீர் வடிய, இடுப்பில் கைவைத்து, கண்ணாடிச் சில்லுகளின் மேல் அணில் ஒழுங்காக நடந்து போனாள்.

அக்காவுக்கு ஒரு கண் போயிற்று. அவள் பார்த்துவந்த துணிக்கடை வேலையும் போயிற்று. சித்தி மூன்று வருஷம் ஜெயிலில் இருந்தாள். இப்போது ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். அணில், பிரிந்து போயிருந்த அப்பாவிடம் வளர்கிறாள். ஊசி போடும்போது சிரிக்கிறாள்.