போலந்துச் சட்டம்

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் அறுபது முடிந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், கண்ணுசாமிக்குத் தினமும் காலை எட்டேகாலுக்குத்தான் விடுதலை. தனியார் நர்சரி பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கும் மனைவி கமலவேணி அப்போதுதான் டவுன் பஸ் ஏறுவார். மாலை ஐந்து வரை வீடு முழுக்க கண்ணுசாமியின் சாம்ராஜ்யம். சட்டை கிடையாது, சர்க்கரைக் கட்டுப்பாடு கிடையாது. கூட்டாளி உசேனோடு சேர்ந்து அவர் தின்ற போண்டாவைக் கொட்டினால் அணையின் பதினாறு கண் மதகையும் அடைத்துவிடலாம்.

அதற்கு அவரே வேட்டு வைத்தார். பென்ஷன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெருமைக்கு எழுதினார்: "போலந்தில் ஓய்வு வயது ஆண்களுக்கு அறுபத்தைந்து, பெண்களுக்கு அறுபது. பெண்ணை மதிக்கும் நாடு அப்படித்தான் இருக்கும்!" எழுபது பேர் கைதட்டினார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அதைக் கமலவேணிக்கும் அனுப்பிவிட்டான்.

"ஏனுங்க, இத்தன நல்ல மனசை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? எனக்குத்தான் போன மாசமே அறுபது ஆயிருச்சே. இந்த வாரத்தோட நின்னுக்கறேன். பகல் பூரா உங்க கூடவே இருக்கலாம்."

கண்ணுசாமியின் பகல் சாம்ராஜ்யத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் ஆயுள். மறுநாள் உசேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் உலகத்தையே சலித்தார். ஆண்களை முதலில் வீட்டுக்கு அனுப்பும் நாடு ஒன்றே ஒன்று போதும். பார்த்த இடமெல்லாம் ஒன்று சமம், இல்லாவிட்டால் பெண்கள் முந்தியிருந்தார்கள்.

"இல்லாத நாட்டை எங்கப்பா தேடறது? பேசாம நீயே ஒண்ணு ஆரம்பிச்சுரு," என்றார் உசேன், பத்தாவது போண்டாவைப் பிய்த்தபடி.

கடைசியில் டென்மார்க் சிக்கியது. மனைவி செருப்பைக் கழற்றும் முன்பே வாசலுக்கு ஓடினார்.

"கமலா, டென்மார்க்ல எழுவது ஆக்கப்போறாங்களாம்! நீ இன்னும் பச்சப்புள்ள!"

"பொம்பளைகளுக்கு மட்டுமாங்க?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"அப்ப அங்க உங்களுக்கு எட்டு வருஷம் பாக்கி. போலந்துன்னாலும் மூணு வருஷம். எந்த நாட்டுக் கணக்குலயும் ஊட்ல உக்கோந்திருக்க வேண்டிய ஆளு நீங்க இல்லீங்க. பள்ளிக்கோடத்து வேன்ல புள்ளைகளை ஏத்தி எறக்க ஆளு வேணும்னாரு தாளாளர். உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"எழுவது பேரு முன்னால நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே!"

திங்கட்கிழமை காலை, வேலையை விட்ட கமலவேணி வாசலில் நின்று கையசைக்க, கண்ணுசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு வேனில் ஏறினார். நாற்பது குழந்தைகள் ஒரே ராகத்தில் வரவேற்றார்கள்:

"குட் மார்னிங், மிஸ்!"