தையல் இல்லாத ஒட்டு

டாக்டரம்மா அடித்த டார்ச்சு வெளிச்சத்துக்குக் கண் கூசியது. இமைக்காமல் இருக்கக் கொளஞ்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலது கண்ணில் மூக்கோரத்து மூலையிலிருந்து கிளம்பிய சதை கருவிழிமேல் ஏறி, நடுப்பாப்பாவைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று நின்றது.

“இது ஏற்கெனவே ஆப்பரேஷன் பண்ண கண்ணாச்சேம்மா?”

“ஆமாங்க. வேற ஊர்ல. வெட்டி எறிஞ்சிட்டோம், இனிமே வராதுன்னு சொன்னாங்க. முன்ன இருந்ததவிட தடிமனா வந்து குந்திகினுகீது.”

கதவோரம் நின்ற அவள் புருஷன் முனியன், “கட்டைக் கரும்பாட்டம் மேடம். வெட்ட வெட்டத் துளுக்குது” என்றான்.

“வெட்டிட்டு அந்த எடத்த வெறுமையா விட்டா நெறைய பேருக்குத் துளுக்கும்” என்றார் டாக்டரம்மா. “மேல் இமைக்கு அடியில, வெள்ளை முழிமேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அதுல கொஞ்சம் எடுத்து இங்க மூடிடணும். நூல் போட்டுத் தச்சா கெட்டியா நிக்கும். ஆனா உறுத்தும். தைக்காமலும் ஒட்டலாம், அங்க கசியற உன் ரத்தமே பசை மாதிரி புடிச்சுக்கும். உறுத்தல் கம்மி. மொத வாரம் மட்டும் கை படக் கூடாது. பட்டா ஒட்டு நகந்துடும்.”

“எது பண்ணா திரும்ப வராது?”

“வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். மூடிட்டா வர்றது ரொம்பக் குறைவு.”

அந்தப் பதில் கொளஞ்சிக்குப் பிடித்திருந்தது. போன தடவை அடித்துச் சொன்னவர்கள் சொன்னதுதான் இப்படி முளைத்து நிற்கிறது.

கரும்பு வெட்டுக்கு ஆள் எடுப்பது ஜோடிக் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கத்தி. போன வெட்டில் அவள் வீசிய கத்தி கரும்பின் தூரில் விழாமல் கெண்டைக்காலில் விழுந்தது. ரத்தத்தைப் பார்த்த மேஸ்திரி, “ஒத்தக் கண்ணுக்காரிய வச்சிகினு நான் கோர்ட்டுக்கு நடக்கணுமா? கண்ண சரி பண்ணிகினு வாங்க, இல்லன்னா ரெண்டு பேருமே வாணாம்” என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நாளைக்கு அவள் காலையே இழந்தால் அவனால் என்ன செய்ய முடியும்?

“தச்சிடுங்க மேடம். என் கை எஞ்சொல்லு கேக்காது.”

“தைக்க வாணாம்” என்றான் முனியன். “கைய நான் பாத்துக்கறேன்.”

“நீ கூலிக்குப் போவலியா?”

“ஒரு வாரம் போவல.”

முனியன் மனசில் ஓடியது வேறு. கரும்புச் சோகை இலையிலிருந்து பொடிமுள் மாதிரிச் சுணை கண்ணில் விழுந்தால் பாத்தியிலேயே அவளை உட்காரவைத்து, இமையைப் பிதுக்கி, நாக்கு நுனியால் துழாவி எடுத்துவிடுவான். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது. முதல் ஆப்பரேஷன் ஆறுமுன்னே வெட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் செய்தான். நூல் உறுத்தினால் மறுபடியும் அதைத்தான் கேட்பாள். சதை திரும்ப வந்தது அதனால்தானோ என்று டாக்டரம்மாவிடம் கேட்க அவனுக்குப் பயம்.

தைக்காமலே ஆப்பரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பகலில் கண் நமைக்கத் தொடங்கியது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் தொடையைத் தேய்த்தாள், முடியைப் பிய்த்தாள்.

“யோவ், சுணை உழுந்துகீது. எடுத்து உடுய்யா.”

“வூட்டுல ஏதுடி சுணை? தையலே இல்ல, ஒட்டு நவுந்துடும்.”

“உறுத்துது சாமி. ஒரே ஒரு தபா. நாக்குல பட்டும் படாம.”

அவன் எழுந்து வந்தான். கண்ணில் நீர் வடிய அவள் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். அவன் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அவள் திமிறினாள், வெட்டுக்காரியின் கை, லேசில் அடங்கவில்லை. அவன் அப்பனையும் பாட்டனையும் இழுத்துத் திட்டினாள்.

தண்ணிக் குடத்தோடு வந்த எதிர்வீட்டுச் சாலம்மாள் நின்றுவிட்டாள். “இன்னா மாமா, கண்ணாலத்துல புடிச்ச கைய இன்னும் உடலியா? ஊரு பாக்குது.”

“பாத்தா பாக்கட்டும். நீ அந்தச் சொட்டு மருந்த எடு. மொதல்ல கையக் கழுவு.”

கொளஞ்சிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மருந்து விழுந்து நமைச்சல் தணிந்த பிறகும் அவன் விடவில்லை. அவள் உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போனாள். அவனுக்குக் கால் மரத்தது, அசையவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். “ஒட்டு புடிச்சிருக்கு. நகரவே இல்ல. ஆனா ஆறு மாசம், ஒரு வருசம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும். வெயில்ல கண்ணாடி இல்லாம போகாத.”

ஊர் திரும்பக் கச்சிராயபாளையம் பஸ்ஸில் கொளஞ்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் முனியன். முன்னால் ஒரு கரும்பு லாரி வழிவிடாமல் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சிவந்திருந்த வலது கண்ணால் வெளியே பார்த்தாள். மலை மங்கலாகத் தெரிந்தது. லாரி அதைவிடத் தெளிவாக. மேல்கட்டிலிருந்து ஒரு காய்ந்த சோகை பிய்ந்து, காற்றில் சுழன்று, ஜன்னலை நோக்கி வந்தது. அது வருவதைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்தாள். சோகை முனியன் கன்னத்தில் போய் அறைந்தது.

“உனக்குத் தெரிலியா?” என்று கேட்டுச் சிரித்தாள்.