லேமினேஷன் போட்ட மஞ்சள் அட்டை

திருமலையின் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதம் எதுவும் நனையாது. 2015 மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது நிலத்துப் பட்டா கூழாகிப்போனது. அவன் மனைவி கலைமதியின் டிப்ளமோ சான்றிதழில் மை கரைந்து வெறும் கோடுகள்தான் மிஞ்சின. அதற்கு நகல் வாங்க இரண்டு வருஷம் அலைந்தார்கள். அன்றிலிருந்து ரேஷன் கார்டு, ஷேர் ஆட்டோவின் பர்மிட், மகள் பூஜாவின் பிறப்புச் சான்றிதழ் என்று வீட்டுக்குள் வரும் எதையும் லேமினேஷன் போட்டுவிட்டுத்தான் அவனுக்கு அடுத்த வேலை.

அந்தப் பழக்கத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை கலைமதி வெளிநாடு போக ஊசி போட்டு வாங்கிவந்த மஞ்சள் அட்டையையும் ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் கோதண்டத்தின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு கலைமதி பீரோவைத் திறந்தாள். பஸ்களுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனியில் அவள் டிரெயினர். கானா நாட்டில் கம்பெனி புதிதாகத் தொடங்கும் இடத்தில், அங்கே வேலைக்குச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாற்பத்தைந்து நாள் போகிறாள். வியாழக்கிழமை விமானம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் டெல்லியிலிருந்து போன வாரம்தான் வந்திருந்தது. ஒரிஜினல் எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டும்படி ஹெச்.ஆர். மஞ்சுளா சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், போக வர டிக்கெட். கடைசியாகக் கையில் வந்தது, ஆபீஸ் ஐ.டி. கார்டு மாதிரி மூலைகளை உருட்டி வெட்டிய ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் துண்டு.

"யோவ், இது இன்னாது?"

"உன் ஊசி அட்டைதான். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. கெட்டி ஷீட்டா போடச் சொன்னேன்."

"இது புக்கு மாதிரி இருந்துச்சேய்யா. மத்த பக்கமெல்லாம் எங்க?"

அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. கோதண்டத்துக்கு போன் போட்டான்.

"வெத்துப் பக்கம்தானப்பா, அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? ஸ்டேப்ளர் பின்னக் கழட்டி, பேர் இருந்தத முன்னாலயும் சீல் இருந்தத பின்னாலயும் வெச்சு அழகா போட்டுக் குடுத்தேன். மீதிய குப்பையில போட்டு நேத்தே கொளுத்தியாச்சு" என்றான் கோதண்டம்.

கலைமதி மஞ்சுளாவை அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைக் கேட்டதும் மஞ்சுளா சொன்னாள்: "வெட்டின கார்டு செல்லாது கலைமதி. எதையாவது மாத்தினா செல்லாமப் போகலாம்னு அந்த கார்டுலயே அச்சடிச்சிருக்கும். விசா இருந்தாலும் மஞ்சள் காய்ச்சல் கார்டு இல்லாம அங்க உள்ள விடமாட்டாங்க, இங்க ஏத்தவே மாட்டாங்க. இனிமே புதுசா ஊசி போட்டா பத்து நாள் கழிச்சுத்தான் செல்லும். ஊசி போட்ட எடத்துல டூப்ளிகேட் கேட்டுப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள கெடைக்கலன்னா உங்க கூடப் போற யாக்கோபு சார் மட்டும் போகட்டும்."

போன் கட் ஆனது. கலைமதி கத்தவில்லை. அதுதான் திருமலையைப் பயமுறுத்தியது.

"வேணும்னுட்டே பண்ணியா?"

"இன்னா பேசற கலை?"

"உண்மைய சொல்லு. நான் போவக்கூடாதுன்னுதான?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தப் பேச்சு முதலில் வந்தபோது, "ஆப்பிரிக்காவுக்கா? பாப்பாவ யாரு பாத்துப்பா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் அவன். பிறகு மனசு மாறியது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்டோ ஏறுகிறவர்களிடம் எல்லாம், "எங்க வூட்டம்மா கானாவுக்குப் போறாங்க, அங்க கீறவங்களுக்கு வேல கத்துக் குடுக்க" என்று கேட்காமலே சொல்லிவந்தான். வீட்டில் மட்டும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் தப்பிக்கப் பேசுகிறான் என்றுதான் நினைப்பாள்.

"கெளம்பு" என்று மட்டும் சொன்னான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினார்கள். கிண்டி வரைக்கும் கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். இருவரும் காலையில் சாப்பிடவில்லை. தாம்பரத்தில் அவன் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் பிரிக்கப்படாமலே அவன் கையில் இருந்தது.

கிண்டியில் அவள் ஊசி போட்ட தடுப்பூசி மையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் ஜோதி என்ற பெயர் அட்டையோடு ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"மூலையெல்லாம் வேற உருட்டி வெட்டியிருக்கு. கழுத்துல மாட்டிக்க கயிறு கோக்கலையா?"

திருமலை தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணி பட்டா கெட்டுப்போவுமேன்னு பண்ணிட்டேன் மேடம்."

"இது செல்லாது. ஊசி போட்டது பதிவேட்டுல இருந்தா அதே தேதியில நகல் குடுக்கலாம். என்னிக்குப் போட்டீங்க?"

கலைமதி தேதியைச் சொன்னாள். இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. ஜோதி பெரிய பதிவேட்டைப் பிரித்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கமும் முடியப் போனது. கலைமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கலைமதி, க/பெ திருமலை. இருக்கு."

ஆனால் வேலை முடியவில்லை.

"டாக்டர் கையெழுத்துப் போடணும், அவரு ரெண்டு மணிக்கு வருவாரு. அதுக்குள்ள நடந்தத ஒரு கடிதமா எழுதிக் குடுங்க. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடாதீங்க, அப்புறம் போலீஸ்ல சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரணும்."

கலைமதி பேனாவை எடுத்தாள்.

"நீங்க ஏம்மா எழுதறீங்க? கெடுத்தவரு எழுதட்டும். நீங்க கீழ கையெழுத்துப் போடுங்க."

திருமலை பெஞ்சின் ஓரத்தில் தாளை வைத்துக் குனிந்து எழுதினான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. இரண்டு தாளைக் கசக்கிப் போட்டான். மூன்றாவதைக் கொண்டுபோய் ஜன்னலில் நீட்டினான். ஜோதி வாய்விட்டுப் படித்தாள்.

"ஐயா, என் மனைவியின் ஊசி அட்டையை மழைத் தண்ணீரில் கெடாமல் இருக்க நான்தான் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டேன். அது புத்தகமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி மீது தவறு இல்லை. அவர் வியாழக்கிழமை கட்டாயம் போக வேண்டும். அங்கே நாற்பது பெண்கள் இவர் வந்து சொல்லிக்கொடுப்பதற்குக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இதுவரை யாரும் இப்படிப் போனது இல்லை. என் ஆட்டோவில் ஏறும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்."

படித்து முடித்து ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். "கடைசி வரி அரசாங்கத்துக்குத் தேவையா?"

"அடிச்சுடட்டுமா மேடம்?"

"இருக்கட்டும்."

கலைமதி தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள். பெஞ்சுக்குத் திரும்பியதும் அவன் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொன்னியா?"

"ம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் போறவளாச்சே. உன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் இரண்டேகாலுக்கு வந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். ஜோதி பழையதைக் குறுக்கே வெட்டிக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, புது அட்டையில் வட்ட முத்திரையை அழுத்தி வைத்தாள். அதே பெயர், அதே தேதி, மேலே நகல் என்று ஒரு சொல். கலைமதி உள்பக்கத்தைப் படம் எடுத்து மஞ்சுளாவுக்கு அனுப்பினாள். ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கும்போது பதில் வந்தது: "ஓகே. இது செல்லும். நாளைக்கு ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க."

திருமலை அட்டையைப் பார்க்கக் கை நீட்டினான். கலைமதி பையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ தொடாத. பிளேன் ஏறுற வரைக்கும் பீரோ சாவி என்கிட்டதான்."

"சரிம்மா."

ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு சாப்பாடு சொன்னார்கள். சாம்பார் சாதம் பாதி இறங்கியதும் கலைமதி தொடங்கினாள்.

"பாப்பாவுக்கு புதன்கிழமை கராத்தே கிளாஸ். அந்த வெள்ள டிரெஸ்ஸ முந்தின நாளே தொவச்சுப் போட்டுடு. தயிர் சாதம் மட்டும் கட்டிக் குடுத்தா அப்படியே திருப்பி எடுத்துனு வருவா, தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுத்து வை. கேஸ் வந்தா வெயிட் பாத்து எறக்கு. எங்கம்மா வந்து இருக்கேன்னு சொல்லுவாங்க, ஒரு வாரம் இருக்கட்டும், அதுக்கு மேல வேணாம், உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்காது. அப்புறம் ராத்திரியில போன்ல கூப்பிடறப்ப டைம் பாத்துக் கூப்பிடு, அங்க நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி, நான் ஷிப்ட்ல இருப்பேன்..."

திருமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாதி காதில் விழவில்லை. அவள் நாற்பத்தைந்து நாளைக்குமான வேலையைச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.