பூட்டைக் கழற்றிய நாள்

தகரக் கூரை போட்ட அந்தத் தையல் கம்பெனியில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குடம் குடமாக இருந்தது. குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். போவதற்குச் சூப்பர்வைசரிடம் சாவி கேட்கவேண்டும். அவரோ அதைக் கஜானா சாவி மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்பத்தானே போனே?" என்று ஊருக்கே கேட்கிறாற்போல் கேட்பார். மானம் பெரிதா, தாகம் பெரிதா? இதுவரை மானம்தான் ஜெயித்தது.

இஸ்திரி மேஜையில் நின்ற அயர்ன் அக்காவும் அப்படித்தான் வாயைக் கட்டிக் காலம் தள்ளினாள். அங்கேயே தைத்துக்கொண்டிருந்த அவள் தம்பி மனைவி பிள்ளைத்தாச்சி; போன வாரம் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். "இந்தச் சூட்டுல தண்ணி குடிக்காம இருந்தா புள்ளைக்கு ஆபத்தும்மா" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். வேலையை விட்டால் அடுப்பெரியாது.

தம்பி மனைவி வேலைக்குத் திரும்பிய காலையில், அக்கா எல்லோரிடமும் டம்ளரை நீட்டினாள்.

"குடிங்கடி."

"சாவிய யாரு கேக்கறது அண்ணி?" தம்பி மனைவி பயந்தாள்.

"ஒருத்தி கேட்டாத்தானே கேலி? எல்லாரும் சேந்து கேப்போம்."

குடித்தார்கள். குடங்கள் காலியாயின. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மெஷின்கள் ஓய்ந்து, சூப்பர்வைசர் மேஜையிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது.

"என்னம்மா கூத்து இது? ஒவ்வொருத்தரா போங்க!"

"போறோம் சார். அதுவரைக்கும் வேலை நிக்கும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

வெளியே சரக்கு லாரி ஹாரன் அடித்தது. ஏசி அறையிலிருந்து முதலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார். தகரத்தடியில் நின்று கத்தக் கத்தச் சட்டை தொப்பலாயிற்று, தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள். மடமடவென்று குடித்தார்.

"எங்களுக்குத் தினமும் இப்படித்தான் சார். சாவி கேக்கக் கூச்சப்பட்டுத் தண்ணியே குடிக்கறதில்ல. போன வாரம் விழுந்தது இவதான். வயித்துல புள்ள."

முதலாளி கூரையைப் பார்த்தார், அந்த வயிற்றைப் பார்த்தார், லாரியையும் பார்த்தார். மனசு இளகியதோ, சரக்கு நின்றுவிட்ட பயமோ, யார் கண்டது?

"அந்தப் பூட்டைக் கழட்டிப் போடுய்யா. இனிமே சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். கூரைக்கும் ஏதாவது செய்யணும்."

கைதட்டலில் தகரமே அதிர்ந்தது. வரிசை விலகி வழிவிட, தம்பி மனைவி யாரையும் கேட்காமல் கை வீசி நடந்தாள். போய்வந்ததும் இன்னொரு டம்ளர் முழுசாகக் குடித்தாள். சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உதைக்குது அண்ணி!"

"உதைக்கட்டும்டி, நல்லா உதைக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிக் குடத்தை நிரப்பப் போனாள் அக்கா.